காயம்பட்ட மனத்தோடு நோயாளரைச் சுமந்தவர்: புனித இறை யோவான்



மார்ச் 8ஆம் நாளை உலகம் மகளிர் நாளாகக் கொண்டாடுகிறது. அதே நாளில் நமது திருச்சபை புனித இறை யோவானை நினைவுகூர்கிறது. மருத்துவமனைச் சிற்றாலயங்களில் இவரது படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். துறவற உடையில், நோயாளி ஒருவரைத் தோளில் தாங்கியபடி நிற்பார். சில படங்களில் சிலுவை பொருந்திய மாதுளம்பழம் ஒன்றும் இருக்கும். நோயாளர், மருத்துவமனைகள், செவிலியர் ஆகியோரின் பாதுகாவலர் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததோடு பெரும்பாலும் நமது அறிமுகம் முடிந்துவிடுகிறது.

இவர் இருமுறை படையில் சேர்ந்தவர். போர்முனையில் சொந்தப் படைத்தலைவனாலேயே தூக்கிலிடப்பட இருந்தவர். பின்னாளில் மனம் குலைந்து, பைத்தியம் என்று கட்டிவைத்து அடிக்கப்பட்டவர். இவற்றை மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பதில்லை. சொன்னாலும், மனமாற்றத்திற்கு முந்தைய கெட்ட காலம் என்று இரண்டே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரியில் இன்று நாம் சற்று நின்று பார்ப்போம். போர் ஒரு மனிதரின் உள்ளத்தையும் அவரைச் சேர்ந்தவர்களையும் என்ன செய்கிறது என்பதைப் பற்றி இக்காலத்தில் நிறையப் பேசுகிறோம். அதற்கெல்லாம் பெயரே இல்லாதிருந்த 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்தப் புனிதரின் வாழ்க்கையில் அது தெளிவாகவே தெரிகிறது.

இவரது முதல் வரலாற்றை எழுதியவர் பிரான்சிஸ்கோ தே காஸ்த்ரோ என்ற குருவானவர். கிரனாடா நகரில் இறை யோவானின் மருத்துவமனையிலேயே பொறுப்பில் இருந்தவர். அந்நூல் 1585இல் அச்சானது. புனிதர் இறந்து 35 ஆண்டுகளே ஆகியிருந்ததால், அவரை நேரில் கண்டவர்களின் நினைவுகள் அப்போதும் ஈரமாகவே இருந்தன. புனிதரின் கடிதங்களில் ஆறு இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் வைத்துப் படிக்கும்போது, படங்களில் நாம் காணும் அமைதியான முகத்துக்குப் பின்னால் வேறொரு முகம் தெரிகிறது.

யோவான் 1495இல் போர்த்துக்கல் நாட்டின் மோந்தேமோர்-ஒ-நோவோ என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் பெற்றோருக்குத் தெரியாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். எல்லையைக் கடந்து ஸ்பெயின் நாட்டின் ஒரோப்பேசா என்ற ஊருக்கு வந்து சேர்ந்த அச்சிறுவனை, அவ்வூர்ப் பிரபுவின் மந்தைகளுக்குத் தலைமை மேய்ப்பராக இருந்தவர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆடு மேய்த்தே யோவான் வளர்ந்தார். அவர் விட்டுவந்த வீட்டில் என்ன நடந்தது என்பது நெடுங்காலம் அவருக்குத் தெரியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

1521இல் பிரெஞ்சுப் படை ஸ்பெயினின் வடக்கு எல்லையில் ஃபுவென்தெராபியா என்ற கோட்டை நகரைப் பிடித்துக்கொண்டது. அதை மீட்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆள் திரட்டினார். ஒரோப்பேசாவின் பிரபுவும் தம் பங்குக்கு ஒரு படைப்பிரிவை அனுப்பினார். அதில் யோவானும் சேர்ந்தார். நாட்டுப்பற்று, மறைப்பற்று என்றெல்லாம் பெரிய காரணம் எதையும் காஸ்த்ரோ சொல்லவில்லை. உலகத்தைப் பார்க்க வேண்டும், கட்டுப்பாடின்றிக் கொஞ்சம் சுற்ற வேண்டும் என்ற ஆசைதான். மந்தைக்குப் பின்னாலேயே நடந்து வளர்ந்த இளைஞருக்கு அந்த ஆசை வந்ததில் நாம் வியப்படைய ஒன்றுமில்லை.

அங்கே அவருக்கு நேர்ந்தவை இரண்டு. முகாமில் உணவு தட்டுப்பட்டபோது அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் ஏதேனும் தேடிவரப் புறப்பட்டார். எதிரிகளிடமிருந்து பிடித்த ஒரு பெண்குதிரையின் மீது, கடிவாளம் இல்லாமல் ஏறிப் போனார். தனக்குப் பழகிய இடம் நெருங்கியதும் அந்தக் குதிரை பிரெஞ்சுப் படை இருந்த பக்கமாகவே பாய்ந்து ஓடியது. தடுக்க முயன்றவரைப் பாறைகளின் மேல் தூக்கி எறிந்தது. வாயிலும் மூக்கிலும் இரத்தம் வழிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் நினைவின்றிக் கிடந்தார். கண் விழித்தபோது பக்கத்தில் யாருமில்லை, எதிரி எந்த நேரமும் வரலாம். மண்டியிட்டு அன்னை மரியாவைக் கூவி அழைத்தார். பிறகு கிடைத்த ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்லத் தம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டாவது நிகழ்ச்சியை நாம் இதைவிடக் கொடியதாகக் கருதுகிறோம். எதிரிகளிடமிருந்து கைப்பற்றிய துணிமணிகளுக்குக் காவலாக யோவானைப் படைத்தலைவர் நிறுத்தியிருந்தார். அவை களவு போயின. படைத்தலைவர் விசாரிக்கவில்லை. காவல் இருந்தவனைத் தூக்கிலிடுங்கள் என்று ஆணையிட்டுவிட்டார். உடன் இருந்தவர்கள் மன்றாடியும் அவர் இறங்கவில்லை. தற்செயலாக அவ்வழியே வந்த உயர்குடி மனிதர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்டுக்கொண்டதால்தான் உயிர் தப்பியது. ஆனால் இனி என் கண்ணில் படாதே, முகாமைவிட்டு உடனே போய்விடு என்ற நிபந்தனையோடு. சம்பாதித்துவரப் போனவர் அவமானத்தோடு ஒரோப்பேசாவுக்குத் திரும்பி, மறுபடியும் ஆடு மேய்க்கத் தொடங்கினார்.

எதிரியின் வாளால் வந்த காயம் அவர் உடலில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கழுத்துக்கு நெருங்கி வந்த கயிற்றைப் போட்டவர்கள் அவருடைய சொந்த ஆட்களே. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த ஜொனத்தன் ஷே என்ற மனநல மருத்துவர், 1990களில் இவ்வகைக் காயத்தைப் பற்றி விரிவாக எழுதினார். உயிரே பணயமாக இருக்கும் இடத்தில், நம்பி ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் நீதி தவறும்போது வீரரின் உள்ளத்தில் உடைவது அச்சத்தால் மட்டும் உடைவதில்லை என்று அவர் கண்டார். மனச்சான்றுக்கு ஏற்படும் காயம் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அந்த மனிதர் அதன்பின் யாரை நம்புவார்? முதலில் தன்னையே நம்பமாட்டார்.

அப்படிப்பட்டவர் மறுபடியும் படைக்குப் போவாரா என்று கேட்கத் தோன்றும். போனார். சில ஆண்டுகள் மேய்ச்சலில் கழிந்த பிறகு, துருக்கியப் பேரரசர் சுலைமான் வியன்னாவை நோக்கிப் பெரும்படையோடு வருகிறார் என்ற செய்தி எட்டியது. ஒரோப்பேசாவின் பிரபு மீண்டும் ஆள் சேர்த்தபோது யோவானும் பெயர் கொடுத்தார். அது 1532. படையிலிருந்து வீடு திரும்பியவர்கள் பலருக்கு வீட்டு வாசலில் உட்காரவே முடிவதில்லை. எந்த இடம் காயப்படுத்தியதோ அந்த இடத்திற்கே கால் இழுக்கும். படைவீரர்களின் மனைவியரும் தாய்மாரும் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். இம்முறை பெரிய போர் நடக்கவில்லை. வழியில் ஒரு சிறிய கோட்டை பல நாள்கள் தாக்குப்பிடித்துவிட்டதால், சுலைமான் வியன்னாவைத் தாக்காமலேயே திரும்பிவிட்டார். படை கலைக்கப்பட்டது. யோவான் கடல் வழியாக ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் வந்து இறங்கினார். புனித யாக்கோபின் திருத்தலமாகிய சந்தியாகோவைத் தரிசித்துவிட்டு, பிறந்த ஊரை நோக்கி நடந்தார்.

மோந்தேமோரில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தம் பெற்றோரின் பெயர்கூட அவருக்குச் சரியாக நினைவில் இல்லை. எட்டு வயதில் போனவர், 37 வயதில் வருகிறார். விசாரித்து விசாரித்து வயதான மாமா ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர்தான் முகச்சாடையை வைத்துத் தெரிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். மகன் காணாமற்போன சில நாள்களிலேயே தாய் அந்தத் துயரம் தாளாமல் இறந்துவிட்டார். மனைவியும் மகனும் இல்லாத வீட்டில் இருக்கமுடியாமல் தந்தை லிஸ்பன் சென்று பிரான்சிஸ்கன் துறவு மடத்தில் சேர்ந்து, அங்கேயே இறந்துபோனார். மாமா பரிவோடு தம்முடன் தங்கச் சொன்னார். யோவானால் முடியவில்லை. தாயின் சாவுக்குத் தாமே காரணம் என்று அழுதார். அந்த ஊரில் இனி இருக்கத் தமக்குத் தகுதியில்லை என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

தாயின் சாவுக்குப் போர் காரணமல்ல. எட்டு வயதுக் குழந்தையும் காரணமல்ல. ஆனால் போரிலிருந்து வருகிறவர் தம் வீட்டைத் தாம் விட்டுப்போன நாளில் இருந்தபடியே மனத்தில் வைத்திருக்கிறார். பாசறையின் இருட்டில் அவரைத் தாங்கியது அந்த நினைவுதான். வந்து பார்த்தால் அந்த வீடு இல்லை. ஏற்கெனவே உள்ளுக்குள் இருக்கிற குற்ற உணர்வு, பற்றிக்கொள்ள ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. யோவானுக்கு அது தாயின் கல்லறையில் கிடைத்துவிட்டது.

விவிலியக் காலத்து மக்கள் இதை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. எண்ணிக்கை நூலின் 31ஆம் அதிகாரத்தில், போரில் கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களைத் தொட்டவர்களும் ஏழு நாள் பாளையத்திற்கு வெளியே தங்கித் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியர் வென்ற பிறகு, அவர்களுடைய ஆயர்களே வெற்றி பெற்ற தங்கள் வீரர்களுக்கு ஒறுத்தல் விதித்தார்கள்: கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு. நம் காதுக்கு அது தண்டனையாகப் படலாம். ஆனால் செய்ததை ஒளிக்காமல் சொல்லி, ஒரு காலம் நோன்பிருந்து, பின்பு மற்றவர்களோடு பலிபீடத்தை அணுக அது ஒரு வழியைத் திறந்துவிட்டது. வென்றவனுக்கும் மனத்தில் கறை உண்டு என்பதை அந்த ஆயர்கள் அறிந்திருந்தார்கள். யோவான் வந்த படை கலைந்தபோது அப்படி ஒரு வழி அவருக்குக் கிடைக்கவில்லை. கப்பலிலிருந்து இறக்கிவிட்டதோடு படையின் கடமை தீர்ந்தது.

அதன்பிறகு சில ஆண்டுகள் அலைச்சல்தான். செவில் பகுதியில் ஒரு சீமாட்டியின் ஆடுகளை மேய்த்தார். பிறகு வட ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துக்கீசியரின் கையில் இருந்த செயுத்தா என்ற கோட்டை நகருக்குப் போனார். போகும் வழியில், நாடு கடத்தப்பட்ட ஒரு பிரபுவையும் அவர் மனைவி மக்களையும் சந்தித்து அவர்களுக்கு ஊழியரானார். அக்குடும்பம் நோயிலும் வறுமையிலும் விழுந்தபோது, கோட்டைச் சுவர் கட்டும் இடத்தில் கூலி வேலை செய்து, அன்றன்றைய கூலியைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சோறு போட்டார். தம் தாய்க்குச் செய்ய முடியாததை அன்னியர் வீட்டுக்குச் செய்தார் என்று நமக்குப் படுகிறது. அந்த வேலையிடத்தில் மேலாளர்களின் கொடுமை தாங்காமல், யோவானோடு நெருங்கிப் பழகிய தொழிலாளி ஒருவர் பக்கத்து நகருக்குத் தப்பியோடி வேறு சமயம் தழுவினார். அதற்கும் தாமே பொறுப்பு என்று யோவான் நொறுங்கிப்போனார். உணவு இறங்கவில்லை, நம்பிக்கையே அற்றுப்போகும் நிலை. ஒப்புரவு அருள்சாதனத்தில் இதைக் கேட்ட பிரான்சிஸ்கன் குரு ஒருவர், ஞான அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளாமல், உடனடியாக இந்த ஊரைவிட்டுக் கிளம்பு என்று சொல்லி ஸ்பெயினுக்கு அனுப்பிவைத்தார். நல்ல மேய்ப்பர் அவர். அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜிப்ரால்ட்டரில் பக்தி நூல்களையும் திருவுருவப் படங்களையும் தோளில் சுமந்து விற்றார். பிறகு கிரனாடாவில் ஒரு சிறிய புத்தகக் கடை போட்டார். வாழ்க்கை ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

1539 சனவரி 20, புனித செபஸ்தியார் திருநாள் என்பது மரபாகச் சொல்லப்படும் நாள். அன்று புனித அவிலா யோவான் கிரனாடாவில் மறையுரை ஆற்றினார். செபஸ்தியாரும் ஒரு படைவீரர்தான் என்பதை நாம் அறிவோம். மறையுரை முடிந்ததும் யோவான் அலறிக்கொண்டு வெளியே ஓடினார். இறைவனின் இரக்கத்தைக் கேட்டுக் கூவினார். தரையில் விழுந்து புரண்டார், தலையை மோதிக்கொண்டார், தலைமயிரையும் தாடியையும் பிய்த்துக்கொண்டார். கடைக்கு ஓடிப் பக்தி நூல்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார், மற்றவற்றை நகத்தாலும் பல்லாலும் கிழித்தார். உடுத்தியிருந்ததையும் கொடுத்துவிட்டு வீதிகளில் ஓடினார். சிறுவர்கள் பைத்தியம் பைத்தியம் என்று கத்தி, கல்லும் சேறும் எறிந்துகொண்டே பின்னால் ஓடினார்கள். இரக்கம் கொண்ட இரண்டு பேர் அவரைப் பிடித்து, மனநோயாளர்களுக்கு இடமிருந்த அரச மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அக்கால வைத்தியம் என்னவென்றால், ஆடையைக் களைந்து, கையையும் காலையும் கட்டி, முடிச்சுப்போட்ட கயிற்றால் அடிப்பது. வலித்தால் வெறி தெளியும் என்று நம்பினார்கள். யோவான் தமக்கு விழுந்த அடியைப் பொறுத்துக்கொண்டார். பக்கத்தில் கட்டப்பட்டிருந்தவர்களுக்கு விழுந்த அடியைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. உங்கள் சகோதரர்களாகிய இவர்களை இப்படியா நடத்துவீர்கள் என்று பணியாளர்களைக் கண்டித்தார். அதனால் இன்னும் கூடுதலாக அடி வாங்கினார். ஏழைகளையும் மனம் பேதலித்தவர்களையும் தம் மனம்போல் பேணுவதற்குத் தமக்கென்று ஒரு மருத்துவமனை அமையக்கூடாதா என்ற ஏக்கம் அங்கேதான், அந்தக் கட்டுகளுக்கு நடுவில்தான் பிறந்தது.

அவர் உண்மையில் மனம் பேதலித்தவர் அல்லர், தம்மைத் தாழ்த்திக்கொள்ளப் பைத்தியம்போல் நடித்தார் என்று பிற்காலத்துப் பக்தி நூல்கள் பல எழுதின. புனிதர் ஒருவருக்கு மனநோய் வந்தது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். நமக்கு அந்தக் கூச்சம் வேண்டாம். ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவருக்கு நோய்ப் பெயர் சூட்ட நாம் மருத்துவர்களும் அல்லர். அந்த மறையுரையில் இறையருள் அவரைத் தொட்டது என்பதைத் திருச்சபை எப்போதும் நம்பி வந்திருக்கிறது. இறையருள் தொடுகிற மனம் முழுசாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லையே. தலையில் அடிபட்டது, தூக்குக்கயிறு, தாயின் சாவு, நண்பரின் ஓட்டம் எல்லாம் அந்த உள்ளத்தில் இருந்தன. படையிலிருந்து வந்து ஏழு ஆண்டுகள் கழித்து அது உடைந்தது. இன்றைய மருத்துவர்களுக்கு இந்த இடைவெளி புதிதல்ல. போர் முடிந்து பல ஆண்டுகள் சாதாரணமாக வேலைக்குப் போய்வந்தவர் ஒருநாள் திடீரென்று உடைந்துபோவதை அவர்கள் பார்க்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள உலகத்திற்கு நெடுங்காலம் பிடித்தது. முதல் உலகப் போரில், வெளிக்காயம் இல்லாமலே பேச்சிழந்தும் நடுங்கியும் வந்த வீரர்களைப் பற்றி 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். குண்டு வெடித்த அதிர்ச்சி என்று அதற்குப் பெயர் வழங்கியது. அதே போரில் களத்தைவிட்டு ஓடியவர்கள், கோழைகள் என்றெல்லாம் குற்றம் சாட்டித் தம் சொந்த வீரர்கள் 306 பேரைப் பிரித்தானியப் படை சுட்டுக்கொன்றது. அவர்களில் பலர் மனம் சிதைந்திருந்தவர்கள் என்று குடும்பத்தார் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 2006இல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. அதுவரை அந்தக் குடும்பங்கள் கோழையின் வீடு என்ற பெயரைச் சுமந்தன. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று மருத்துவ உலகம் முறைப்படி ஏற்றுக்கொண்டதோ 1980இல்தான். பெயர் வந்த பிறகும் சாவு குறையவில்லை. 2001க்குப் பின் நடந்த போர்களில் களத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 7,000 பேர். அப்போர்களில் பணியாற்றித் தற்கொலையால் இறந்தவர்கள் 30,000க்கும் மேல் என்று அந்நாட்டுப் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வு 2021இல் கணக்கிட்டது. களத்தில் ஒருவர் இறந்தால், வீட்டில் நான்கு பேர்.

கிரனாடாவுக்குத் திரும்புவோம். அவிலா யோவான் அவரைக் கைவிடவில்லை. அவரை ஏற்று, கேட்டு, வழிநடத்தினார். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர் குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்திற்கு நடந்தே போய்வந்தார். பிறகு மலையில் விறகு வெட்டி, சுமந்துவந்து, ஊருக்குள் விற்றார். கிடைத்த காசில் தமக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை வீதியில் கிடந்தவர்களுக்குக் கொடுத்தார். முன்பு கல்லெறிந்த ஊர் இப்போது வேடிக்கை பார்த்துக் கேலி செய்தது. அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் போனார். விரைவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, நோயாளர்களைத் தோளில் தூக்கிவந்து அங்கே கிடத்தினார். மாலை நேரங்களில் முதுகில் ஒரு பெரிய கூடை, கழுத்திலிருந்து கயிற்றில் தொங்கும் இரண்டு பானைகள் என்று தெருத்தெருவாகப் போய் உரத்த குரலில் பிச்சை கேட்டார். ஏழைக்குக் கொடுப்பவர் தமக்கே நன்மை செய்துகொள்கிறார் என்பதுதான் அவர் சொன்ன செய்தி. துய் மறைமாவட்ட ஆயர் ஒருவர், அவரது பணியைக் கண்டு, இறை யோவான் என்ற பெயரையும் ஓர் எளிய அங்கியையும் அளித்தார்.

இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1550 சனவரியில் எழுதிய கடிதம் ஒன்றில் தம் வீட்டில் இருப்பவர்களை அவரே அடுக்கிச் சொல்கிறார்: முடவர், கையிழந்தவர், தொழுநோயாளர், வாய்பேசாதவர், மனம் பேதலித்தவர், வாதநோயாளர், முதியோர், குழந்தைகள், வழிப்போக்கர். எல்லாருமாக 110 பேருக்கு மேல். இவர்களுக்கு நிலையான வருமானம் என்று எதுவும் கிடையாது. மருத்துவமனைக்கு வெளியேயும் அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்ட விதவைகள், அநாதைகள், வழக்கில் சிக்கியவர்கள், நலிந்த உழவர்கள் என்று சொல்லிக்கொண்டு வரும் காஸ்த்ரோ, வழிதவறிப்போன படைவீரர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார். ஊர் ஊராகத் திரியும் பழைய படைவீரரைக் கண்டால் அக்காலத்தில் கதவைச் சாத்துவார்கள். இறை யோவானின் கதவு மட்டும் திறந்தது. திறந்தவருக்கு வந்தவரின் கண்ணில் தெரிவது என்னவென்று தெரியும்.

பழிவாங்கும் வெறியோடு கிரனாடாவுக்கு வந்திருந்த அந்தோன் மார்ட்டின் என்பவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். தம் சகோதரனைக் கொன்ற பெத்ரோ வெலாஸ்கோவைத் தூக்குமேடை ஏற்றாமல் ஓயமாட்டேன் என்று வழக்காடிக்கொண்டிருந்தார். யோவான் அவரை வழியில் நிறுத்தி, சிலுவையைக் காட்டி மன்றாடினார். தூக்குக் கயிற்றின் அருகே நின்ற ஒருவர், இன்னொருவருக்காகத் தூக்குக் கயிற்றை விலக்கும்படி கேட்கிறார். அந்தோன் மனம் மாறினார். இருவரும் சேர்ந்தே சிறைக்குப் போய்ப் பெத்ரோவை மன்னித்து வெளியே கொண்டுவந்தார்கள். கொலையுண்டவரின் சகோதரரும் கொலையாளியும் இறை யோவானின் முதல் தோழர்களாகி, ஒரே மருத்துவமனையில் நோயாளர்களைக் கழுவித் துடைத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகு அவர் முழுதும் நலமாகிவிட்டார் என்று சொல்ல அவரது கடிதங்கள் நம்மை விடுவதில்லை. கடன்காரர்களுக்கு அஞ்சிப் பல நாள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றும், துன்பப்படும் இத்தனை பேருக்கு உதவ முடியாமல் மிகுந்த துயரத்தில் இருப்பதாகவும் ஒளிக்காமல் எழுதுகிறார். எங்கே போவது என்று தெரியாமல் தவித்த லூயிஸ் பவுத்திஸ்தா என்ற இளைஞருக்கு எழுதும்போது, அவருடைய அலைச்சலில் தம் அலைச்சலையே பார்க்கிறார். அவசரப்படாதே என்று மட்டும் சொல்கிறார். கணவர் நெடுநாள் தொலைவில் இருக்க, தனிமையில் வாடிய செசா நகரின் இளம் பிரபுவின் மனைவிக்கு நீண்ட கடிதங்கள் எழுதுகிறார். கணவர் நலமாகத் திரும்பிவரவும் குழந்தைப்பேறு கிடைக்கவும் வேண்டுகிறார். மனம் கலங்கும் வேளையில் சிலுவையில் தொங்கும் இயேசுவைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வேறு ஆறுதல் தமக்குத் தெரியவில்லை என்று அந்தப் பெண்மணியிடம் ஒப்புக்கொள்கிறார். அத்தகைய வேளைகள் கடைசிவரை அவருக்கு வந்துகொண்டே இருந்தன. தாயைக் காத்திருக்க வைத்துச் சாகவிட்டேன் என்று அழுதவர், காத்திருக்கும் இன்னொரு பெண்ணின் தவிப்பை எளிதாகக் கடந்துபோகவில்லை.

1549ஆம் ஆண்டு சூலை மாதம், கிரனாடா அரச மருத்துவமனை தீப்பற்றி எரிந்தது. அவரைக் கட்டிவைத்து அடித்தார்களே, அதே மருத்துவமனை. ஊரே திரண்டு வெளியே நின்று பார்த்தது. உள்ளே போக யாருக்கும் துணிவில்லை. யோவான் உள்ளே ஓடினார். கதவுகளைத் திறந்துவிட்டார், நடக்க முடிந்தவர்களை வெளியே விரட்டினார், முடியாதவர்களை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்துவந்தார். எல்லாரும் வெளியே வந்த பிறகும், ஏழைகளுக்கு வேண்டும் என்று படுக்கைகளையும் போர்வைகளையும் சன்னல் வழியாக எறிந்துகொண்டிருந்தார். தீ சூழ்ந்து அவர் மறைந்தபோது இறந்துவிட்டார் என்றே மக்கள் நினைத்தார்கள். புருவம் மட்டும் கருகி அவர் வெளியே வந்தார். எந்த அறைகளில் யார் கட்டிவைக்கப்பட்டிருப்பார்கள் என்று அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

அந்தக் குளிர்காலத்தில் ஹெனில் ஆறு பெருக்கெடுத்தபோது, ஏழைகளின் அடுப்புக்காக மிதந்துவந்த கட்டைகளைச் சேகரிக்கப் போனார். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட இளைஞர் ஒருவரைக் காப்பாற்ற ஆற்றில் இறங்கினார். காப்பாற்ற முடியவில்லை. அதன்பின் படுத்தவர் எழவில்லை. 1550 மார்ச் 8 அன்று விடியற்காலை, படுக்கையைவிட்டு இறங்கி, சிலுவையைப் பற்றிக்கொண்டு மண்டியிட்ட நிலையிலேயே உயிர்விட்டார். 1690இல் திருத்தந்தை எட்டாம் அலெக்சாண்டர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் இறந்த அதே 1550ஆம் ஆண்டு மே மாதம், இத்தாலியில் ஒரு படைவீரரின் வீட்டில் கமில்லஸ் தே லெல்லிஸ் பிறந்தார். தந்தை படையிலேயே காலம் கழித்தவர். மகனும் இளவயதிலேயே தந்தையைப் பின்பற்றி வெனிசின் படையில் சேர்ந்தார், சூதாடி எல்லாவற்றையும் இழந்தார், காலில் ஆறாத புண்ணோடு உரோமை மருத்துவமனை ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். பின்னர் நோயாளருக்குப் பணிபுரியும் துறவற சபை ஒன்றை நிறுவினார். நோயாளர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர்களாகத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1886இல் அறிவித்தது இந்த இருவரைத்தான்.